நூறடி ரோட்டுக்கு ஒரு ஆள்

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பிரமிளாவின் கைப்பேசி, "உங்கள் பாதையில் லேசான தூறல், 8.05 முதல் 8.20 வரை" என்றது. அவள் மழைக்கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். வில்லிவாக்கத்திலிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். திருமங்கலம் தாண்டும்போது முதல் துளி விழுந்தது. கோயம்பேடு வருவதற்குள் முன்னால் இருந்த சிக்னல் விளக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. பிரேக் கட்டைகள் நனைந்து பிடிமானம் போயிற்று. சைக்கிள் பாதையில் அன்றைக்கு ஆட்களே இல்லை. நூறடி ரோட்டில் தண்ணீர் பெடலைத் தொட்டபோது இறங்கி உருட்டிக்கொண்டு போனாள்.

அவள் வேலை பார்த்தது கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் ஒரு லேபில். ஈர உடையோடு மெஷின் முன்னால் உட்காரக்கூடாது என்று மேலாளர் ஒரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே நிற்க வைத்தார். மற்ற ஏழு பேரும் காய்ந்த துணியோடு இருந்தார்கள். எல்லாரும் மெட்ரோவில் வந்திருந்தார்கள்.

தனியார் வண்டிகள் வாரத்தில் இரண்டு நாள்தான் நகருக்குள் வரலாம் என்ற சட்டம் வந்து ஆறு வருடமாகியிருந்தது. சென்னையில் பாதிப் பேர் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். சைக்கிள் பாதைக்கு பாஸ் வாங்கும் ஒவ்வொருவருக்கும் கட்டைவிரல் அளவில் ஒரு கருவியை இலவசமாகக் கொடுத்தார்கள். ஹேண்டில்பாரில் பெல்லுக்குப் பக்கத்தில் அதைப் பொருத்த வேண்டும். மேல்மூடியில் இருந்த சுருளைப் பார்த்து ஜனங்கள் அதற்கு நத்தை என்று பெயர் வைத்தார்கள். போகிற வழியெல்லாம் சூட்டையும் ஈரப்பதத்தையும் காற்றின் அழுத்தத்தையும் விழுகிற மழையையும் நத்தை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். லட்சக்கணக்கான நத்தைகள் அனுப்புவதை வைத்து, தெருமழை அலுவலகம் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாதையின் வானிலையைச் சொல்லும்.

அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கத்திரி வெயிலில், எந்தத் தெருவில் நிழல் இருக்கிறது என்று பார்த்து பிரமிளாவை அரும்பாக்கத்துக்குள் திருப்பிவிடும். மார்கழியில் கூவம் பாலத்து மேல் பனி எத்தனை மணிக்கு விலகும் என்று சொல்லும். மழை விஷயத்தில் மட்டும்தான் அவளுக்குத் தப்பாகவே வந்தது. அதைத் தன் ராசி என்று எடுத்துக்கொண்டு, மூன்று வருடமாக நனைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அரும்பாக்கத்தில் ஜக்கரியா பாய் வந்து சேர்ந்துகொண்டார். வாணியம்பாடிக்காரர், ஐம்பத்து நான்கு வயது. ஏற்றுமதிக்குப் போகும் ஷூக்களைச் சரிபார்க்கும் வேலை. அரும்பாக்கத்தில் ஒரு மேன்ஷனில் தனியாகத் தங்கியிருந்தார். நான்கு வருடமாக இருவரும் அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கல் வரை சேர்ந்து போவது வழக்கம். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் சிக்னலில் நிற்கும்போது ஒரு பாக்கெட் கடலை மிட்டாயைப் பிரித்து ஒன்றை நீட்டுவார். அவள் வாங்கிக்கொள்வாள்.

முந்தைய நாள் அந்த மழையில் எப்படி வந்தாள் என்று அவர் கேட்டார். தூறல் என்றுதானே சொன்னது என்றாள் அவள். ஜக்கரியா பாய் சைக்கிளை ஓரம் கட்டினார்.

"எனக்குக் கனமழை, பயணம் வேணாம்னு வந்துச்சேம்மா. மெட்ரோவுல போயிட்டேன்."

இரண்டு கைப்பேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழைய செய்திகளைப் பார்த்தார்கள். ஜூனிலிருந்து ஏழு மழை. ஏழு முறையும் அவருக்குக் கனமழை என்று வந்திருந்தது. ஏழு முறையும் அவளுக்குத் தூறல். அவள் போகிற பாதையில் பாதிக்கு மேல் அவர் பாதைதான்.

புகார் அனுப்பினாள். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. இரண்டாவது புகாருக்கும் அதே பதில் வந்ததும் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தெருமழை அலுவலகத்துக்கு நேரிலேயே போனாள்.

கீழ்த்தளத்தில் இருந்த பெண் அவள் பாஸ் எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவது மாடிக்கு அனுப்பினாள். அங்கே இருந்தவர் பெயர் கோமதிநாயகம். தென்காசிப் பக்கத்து ஆள், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அவளை உட்காரச் சொல்லி, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்க போன்ல கோளாறு எதுவும் இல்லம்மா," என்றார். "உங்களுக்கு அப்படித்தான் போகுது. மூணு வருஷத்துல யாராவது ஒருத்தராவது வந்து கேப்பாங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

அவர் மறைக்கவில்லை. நிதானமாகச் சொன்னார். முதல் வருடம் எல்லாம் நன்றாகப் போயிற்று. ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது. அதுதான் வினையாகிப் போனது. கனமழை என்று சொன்னால் ஒருத்தரும் சைக்கிளை எடுப்பதில்லை. நத்தைகள் அத்தனையும் வீட்டுக்குள் காய்ந்துகொண்டிருக்கும். மேகத்தை மேலிருந்து பார்க்க ராடார் இருக்கிறது. ஆனால் எந்தத் தெருவில் எவ்வளவு கொட்டுகிறது என்பது கீழே ஒரு நத்தை நகர்ந்தால்தான் தெரியும். எப்போது தெரிய வேண்டுமோ அப்போது அலுவலகத்தின் கண் மூடிக்கொள்ளும். இரண்டாவது வருடம் நூறடி ரோட்டிலிருந்து பிரிகிற ரயில்வே சுரங்கப்பாதையில் பன்னிரண்டு நிமிடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது. வண்டிகள் உள்ளே போகாதபடி அதன் கதவை மூட வேண்டும் என்று அலுவலகத்துக்குத் தெரியவில்லை. ஒரு வேனில் நான்கு பேர் இருந்தார்கள்.

"அதுக்கப்புறம்தான் இந்தப் பட்டியல். நூத்தி எண்பது ரோடு, ரோட்டுக்கு ஒரு ஆள். அவங்களுக்கு மட்டும் தூறல்னு அனுப்புதோம். அவங்க கிளம்பிருவாங்க."

கம்பத்தில் கருவி வைக்கலாமே என்று பிரமிளா கேட்டாள். வைத்தார்களாம். சிலந்தி கூடு கட்டியது, மேலேயே போஸ்டர் ஒட்டினார்கள், இரண்டு மாதத்தில் பாதி செத்துப்போனது. சம்பளம் கொடுத்து ஆட்களை அனுப்பலாமே என்றாள்.

"சிவப்பு எச்சரிக்கை நாள்ல வேலைக்குன்னு யாரையும் வெளியே அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கும்மா. அவங்களாப் போனா சட்டம் ஒண்ணும் கேக்காது."

"என்னை எதுக்கு எடுத்தீங்க?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது மெஷின்தான் என்றார். அவள் ஒரு நாள்கூட சைக்கிள் பாதைக்கு வராமல் இருந்ததில்லை. பாஸ் வாங்கிய ஃபாரத்தில் நோய் என்று எதுவும் எழுதவில்லை. மூன்றாவதாக ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஃபாரத்துல, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருந்துச்சில்லா, அதை நீங்க காலியா விட்டிருக்கீங்க. வீட்ல இன்னொரு ஆள் இருந்தா வெளிய எட்டிப் பார்த்துட்டு, போகாதேம்பாங்க. தனியா இருக்கவங்க போனை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பிருதாங்க. இதை நாங்க சொல்லிக் குடுக்கல. அதுவா கண்டுபிடிச்சுக்கிட்டது."

பிரமிளா விவாகரத்தாகி எட்டு வருடமாகிறது. ஓசூரில் ஒரு தம்பி இருக்கிறான். அவன் பெயரை எழுதியிருக்கலாம். அன்றைக்கு எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை ஒன்பதாம் தேதி அவளுடைய நத்தை அனுப்பிய கணக்கை வைத்துத்தான் சுரங்கப்பாதையைப் பதினொரு நிமிடம் முன்னாலேயே மூடினார்கள் என்று கோமதிநாயகம் சொன்னார். இரண்டு பள்ளி வேன்களைத் திருப்பி அனுப்பினார்களாம். அது அவளைச் சமாதானப்படுத்தும் என்று நினைத்திருப்பார். அவளுக்கு அந்த ஜூலை ஒன்பது நினைவிருந்தது. அன்றைக்கு வடபழனியில் வழுக்கி விழுந்து முழங்கை பிளந்திருந்தது.

"என் பேரை எடுத்துடுங்க சார்."

அவர் மறுக்கவில்லை. அவள் எதிரிலேயே எடுத்தார். வெளியே யாரிடமும் சொல்லாமல் இருந்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தன் இடத்தில் யார் வருவார்கள் என்று கேட்கவும் இல்லை. திரும்பி வரும்போது அசோக் பில்லர் சிக்னலில் அந்தக் கேள்வி மனதில் எழுந்தது. சிக்னல் விழுந்ததும் பெடலை மிதித்தாள்.

ஐப்பசி மழை அந்த வருடம் சீக்கிரமே தொடங்கியது. முதல் மழையன்று கைப்பேசி, "கனமழை, பயணம் வேண்டாம்" என்றது. பிரமிளா திருமங்கலம் ஸ்டேஷனுக்குப் போய் மெட்ரோ ஏறினாள். கண்ணாடிக்கு வெளியே நூறடி ரோடு வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்தது. காய்ந்த செருப்போடு லேபுக்குள் நுழைந்தபோது இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு சந்தோஷமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாள் ஜக்கரியா பாயின் சட்டைக் காலர் இன்னும் ஈரமாக இருந்தது. மேன்ஷனில் துணி காயவில்லை என்றார். இந்த முறை அவருடைய கைப்பேசி பழுதாகிவிட்டது போலிருக்கிறது, தூறல் என்று சொல்லி முழுக்க நனைத்துவிட்டது, உங்கள் ராசி எனக்கு வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

அவளுக்கு உடனே புரிந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் சொல்லவில்லை. ஒரு தடவை நடந்ததை வைத்து என்ன முடிவு செய்வது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டாவது மழைக்குப் பிறகு, வெளியே சொல்ல வேண்டாம் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டார்களே என்று நினைத்தாள். மூன்றாவது மழைக்குப் பிறகு காரணம் எதுவும் தேடவில்லை. இவரிடம் சொன்னால் இவரும் பெயரை எடுக்கச் சொல்வார், அப்புறம் மெஷின் யாரிடம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியாது. தன்னிடமே திரும்பலாம்.

ஐந்தாவது மழைக்கு அடுத்த நாள் அரும்பாக்கத்தில் அவர் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்தாள். மேன்ஷன் ஆள் ஒருவர் எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்.

ஜக்கரியா பாய்க்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. அதை ஃபாரத்தில் எழுதினால் சைக்கிள் பாஸ் கிடைக்காது என்று எழுதாமல் விட்டிருக்கிறார். நனைந்து நனைந்து நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நோயாளிக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். கூட சைக்கிளில் வருகிறவள் என்றாள் பிரமிளா. நர்ஸ் அதையே எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினாள்.

அவர் தூங்கவில்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது மாடி, பட்டியல், காலியாக விட்ட கட்டம், தன் பெயரை எடுக்கச் சொன்னது, முதல் நாளே புரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கட்டத்தை நானும் காலியாத்தான் விட்டேன்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "வாணியம்பாடில பொண்ணு இருக்கா. ஏதாவதுன்னா பயந்துருவாளேன்னு எழுதல." "மழை நனைச்சதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்க மெட்ரோ ஏறுறப்ப ஒரு போன் போட்டிருக்கலாம்."

பார்வையாளர் நேரம் முடிகிற வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

மறுநாளே மறுபடி மூன்றாவது மாடிக்குப் போனாள். ஜக்கரியாவின் பெயரை எடுக்கச் சொன்னாள். நோய் தெரிந்ததும் மெஷினே எடுத்துவிட்டது என்றார் கோமதிநாயகம். அந்த இடம் இப்போது காலி, நாளைக்குள் இன்னொருவர் வந்துவிடுவார் என்றார்.

"என்னையே போடுங்க. ஆனா பொய் சொல்லாதீங்க. கனமழைன்னா கனமழைன்னு சொல்லுங்க. ஆள் வேணும்னு கேளுங்க. நான் போறேன்."

அவர் தலையை ஆட்டினார். அதெல்லாம் செய்து பார்த்தாயிற்று என்றார். ஆரம்பத்தில் அலுவலகத்து ஆட்கள் பதினெட்டுப் பேரும் தாங்களே போவதாக எழுதிக் கொடுத்தார்கள். முதல் மழைக்குப் பதினெட்டுப் பேரும் போனார்கள். இரண்டாவது மழைக்கு ஐந்து பேர். மூன்றாவது மழையில் ஒருவரும் இல்லை.

"நானும் போகலைம்மா. காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் இல்லை."

இருந்தாலும் அவள் விடவில்லை. கடைசியில் அவர் விசைப்பலகையை இழுத்து ஒரு புதுச் செய்தியைத் தட்டினார். எப்படி எழுதலாம் என்று அவளையே கேட்டார். இருவரும் சேர்ந்துதான் அதை எழுதினார்கள்: "கனமழை. உங்கள் சாலையில் இன்று உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. விருப்பமிருந்தால் மட்டும் வரவும்."

நவம்பர் பன்னிரண்டாம் தேதி அந்தச் செய்தி முதல் தடவையாக வந்தது. பிரமிளா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, கைப்பேசியை இரண்டு பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு போனாள். தெரிந்து போவது வேறு மாதிரி இருந்தது. முன்பெல்லாம் நனைந்தால் எரிச்சல் வரும். இப்போது கிளம்பும்போதே பயம் வந்தது. திறந்திருக்கும் மூடி எது, அறுந்த கம்பி எது என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. ஆனால் போனாள். இரண்டாவது முறை இருபது நிமிடம் வாசலிலேயே நின்றுவிட்டுத்தான் போனாள். வேறு யாரும் இல்லை என்ற வார்த்தைதான் அவளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அது இல்லாவிட்டால் போயிருக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஜக்கரியா பாய் குணமாகி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வருவாரா என்று தெரியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் பிரமிளா தனக்கு வந்த செய்தியை அவருக்கு அனுப்பினாள். இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது எதற்கும் உதவாது. முதல் முறை பதில் வரவில்லை. இரண்டாவது முறை, "இங்கே வெயில்" என்று வந்தது.

டிசம்பர் மூன்றாம் தேதி புயல் சின்னம் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஆனால் ஆலைகளும் ஆஸ்பத்திரிகளும் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றுக்குப் போகிற வேன்களும் ஓடிக்கொண்டிருந்தன. காலை ஏழு நாற்பதுக்குச் செய்தி வந்தது. அதே வாசகம். தெருவில் தண்ணீர் சைக்கிளின் அச்சைத் தொட்டது. பிரமிளா சைக்கிளை வெளியே எடுத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள். ஸ்டாண்டு போட்டுவிட்டு, அதைப் பிடித்தபடியே நின்றாள். கோமதிநாயகம் சொன்ன மூன்றாவது மழை இதுதான் என்று நினைத்தாள். யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. விருப்பமிருந்தால் மட்டும் என்று அவளே எழுதியதுதான்.

வேனில் இருந்த நான்கு பேரை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்களைப் பற்றித்தான் யோசித்தாள். பிறகு போனாள்.

மிதிக்க முடிந்த இடத்தில் மிதித்தாள், மற்ற இடங்களில் தள்ளினாள். காற்று பக்கவாட்டில் அடித்தது. கோயம்பேட்டில் ஒரு வேப்பமரம் சாய்ந்து பாதையை அடைத்திருந்தது. சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். சுரங்கப்பாதை பிரியும் முனைக்கு வந்தபோது மணி எட்டு ஐம்பது. அவள் வந்து நின்று இரண்டு நிமிடத்துக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது, கதவு இறங்கியது. பின்னால் வந்த ஒரு ஆலை வேன் பிரேக் போட்டு நின்று, திரும்பிப் போயிற்று. பிரமிளா ஓரமாக இருந்த மூடிய பெட்ரோல் பங்க்கின் கூரைக்குக் கீழே ஒதுங்கினாள்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், செக்யூரிட்டி சீருடை, தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். இந்த மழையில் எங்கே கிளம்பினீர்கள் என்று அவர் அவளைக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் இன்னொரு சைக்கிள் வந்தது. ஜெசிந்தா என்று ஒரு நர்ஸ். அதன் பிறகு ஒரு ஹாஸ்டல் சமையல்காரர். பத்து நிமிடத்தில் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். ஏழு பேரும் ஒருவரையொருவர் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெசிந்தாதான் முதலில் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். "நான் மட்டும்தான்னு போட்டிருந்துச்சு. அதான் டியூட்டி முடிச்சுட்டு இப்படியே வந்தேன்."

செக்யூரிட்டிக்காரர் வீரராகவன் தன்னுடையதை எடுத்தார். சமையல்காரரும் எடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். பிரமிளாவும் கோமதிநாயகமும் அந்த அறையில் உட்கார்ந்து எழுதியது, ஒரு எழுத்து மாறாமல். இதற்கு முன்னால் என்ன வரும் என்று அவள் கேட்டாள். தூறல் என்றுதான் வரும், இன்றைக்குத்தான் இப்படி என்றார்கள் மூன்று பேர், பக்கத்து ரோடுகளின் பட்டியலில் இருந்தவர்கள். மற்ற மூன்று பேர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள், முன்பெல்லாம் மழையன்று வீட்டிலேயே இருந்தவர்கள்.

அவள் கோமதிநாயகத்துக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். கதவு சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டது, நன்றி என்றார்.

"இங்க ஏழு பேர் நிக்கிறோம் சார்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு முதல்ல அனுப்புனப்போ அது உண்மைம்மா," என்றார். "நீங்க ரெண்டு தடவை போனீங்கல்லா, அதைப் பார்த்து மெஷின் அந்த வாசகத்தை எடுத்துக்கிட்டது. இன்னைக்கு நூறடி ரோட்டுல மட்டும் நாப்பது பேருக்கு அனுப்பிருக்கு. ஏழு பேரு வந்திருக்கீங்க."

"நாப்பது பேருக்கு அனுப்பியிருக்கோம்னு உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?"

"பக்கத்து ரோட்டுல அப்படித்தான் அனுப்பிப் பார்த்தோம். யாராவது ஒருத்தர் போவாங்கன்னு எல்லாரும் இருந்துட்டாங்க. ஒருத்தரும் வரல." பிறகு, "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க," என்று கேட்டார். அவர் நிஜமாகவே கேட்பது போலத்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டாள்.

மற்றவர்களிடம் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை எதையும் விடவில்லை, ஜக்கரியா பாய் விஷயம் உட்பட. சமையல்காரர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு நத்தையைத் திருகிப் பிடுங்கப் போனார். வீரராகவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூடிய கதவுக்கு அப்பால் தண்ணீர் சுவரில் எழுதியிருந்த அளவுக் கோடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஏழு பேரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். சமையல்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

"ரோட்டுக்கு ஒரு ஆள் போதும்னுதானே சொன்னாங்க?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

போதும் என்றாள் பிரமிளா.

"அப்ப எதுக்கு ஏழு பேரும் நனையணும்?"

அங்கேயே முறை போட்டார்கள். யாருக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று ஒவ்வொருவராகச் சொல்ல, ஜெசிந்தா கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். அடுத்த மழை வீரராகவனுடையது. அதற்கடுத்தது சமையல்காரருடையது. முடியாதவர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். காய்ச்சல் என்று பொய் சொல்ல வேண்டாம், பயமாக இருக்கிறது என்றே சொல்லலாம் என்று பிரமிளா சொன்னாள். அதையும் ஜெசிந்தா எழுதிக்கொண்டாள். பிரமிளாவின் முறை ஏழாவதாக வந்தது. அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும் என்றார்கள்.

இதை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். சொன்னால் மெஷின் இதையும் எடுத்துக்கொள்ளும் என்றாள் பிரமிளா. சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று.

ஆறு நாள் கழித்து அடுத்த மழை வந்தது. உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை என்றது கைப்பேசி. பிரமிளா திருமங்கலம் ஸ்டேஷன் படியில் நின்று வீரராகவனுக்குப் போன் செய்தாள். கிளம்பிவிட்டதாகவும், காற்று கொஞ்சம் ஜாஸ்தி, சுரங்கப்பாதை முனையைத் தாண்டியதும் கூப்பிடுவதாகவும் சொன்னார். அவர் கூப்பிடும் வரை அவள் படியிலேயே நின்றாள். அதற்குள் ஒன்பது ரயில் போயிருந்தது.